மூணு பாஷை, ஒரே ஃபீஸ்: அஞ்சு மாசம் மாடியேறிப் படிச்ச கதை

நாகர்கோவிலில் ஜெர்மன், அரபி, ஜப்பானிய மொழி மூன்றையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் சேரலாமா என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் அனுப்பித் தொண்டை காய்ந்துபோனதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். பெயர் போடப்போவதில்லை. குறையும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் பாடம் எடுத்தவர்கள் நல்ல ஆட்கள், அவர்கள் பிழைப்பில் மண் விழ வேண்டாம். வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம், கீழே சர்பத் கடை, பக்கவாட்டில் செங்குத்தாக ஒரு படி. ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு போதும்.

நான் நர்ஸ். சவுதியில் தம்மாமில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, இப்போது தக்கலைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். ஜெர்மனிக்குப் போகலாம் என்று எண்ணம். தனி ஜெர்மன் வகுப்பு 7,000 ரூபாய், மூன்று மொழியும் சேர்த்தால் 12,000 என்றதும் எனக்குள் இருக்கிற ஆடித்தள்ளுபடி மனசு விழித்துக்கொண்டது. அஞ்சு மாசம், சனி ஞாயிறு மட்டும், காலை பத்திலிருந்து ஒன்று வரை. அரபி கொஞ்சம் வாயில் இருக்கிறது, ஜப்பான் சும்மா கிடைக்கிறது, போனால் போகிறது என்று கட்டிவிட்டேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நோட்டீஸில் ஏரோப்ளேன் படம் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். இந்த வகுப்பை முடித்து யாரும் ப்ளேன் ஏற முடியாது. ஜெர்மன் மொழித் தேர்வு ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும், ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு கிடைக்கப் பொதுவாக பி2 வரைக்கும் படித்திருக்க வேண்டும். இங்கே ஏ1 பாடத்தில் முக்கால்வாசியைத்தான் தொடுகிறார்கள். ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கு ஆள் அனுப்ப 2021 ஜனவரியில் இந்தியா ஒப்பந்தம் போட்டிருக்கிறது, அது உண்மைதான், ஆனால் அதற்கு என்4 அளவு மொழி வேண்டும் (ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 முதல் படி, என்4 அதற்கு மேல்). இவர்கள் என்5 வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அடிப்படை இலக்கணமும் ஐந்நூறு அறுநூறு சொல்லும், அவ்வளவுதான். அதற்கு 12,000 கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது நிஜமாகவே நன்றாக இருந்தது. வெள்ளைப் பலகையை மூன்று பத்தியாகப் பிரித்து, நடுவில் கோடு போட்டு, இடது ஓரத்தில் தமிழை எழுதுவார்கள். இங்கிலீஷ் கிடையாது. நான் முன்பு போனில் ஒரு ஆப் வைத்துப் படித்தபோது ஜெர்மன் எனக்கு இங்கிலீஷ் வழியாகத்தான் வந்தது, அதனால் தேவையில்லாத இடத்திலெல்லாம் தலை சுற்றியது. "எனக்குக் குளிருது" என்பதற்கு "மிர் இஸ்ட் கல்ட்". மிர் என்றால் எனக்கு. அவ்வளவுதான், முடிந்தது. இங்கிலீஷ் வழியாகப் போகிறவர்கள் "இஷ் பின் கல்ட்" என்று சொல்லிவிட்டு, அது ஈரமில்லாத மனுஷன் என்ற மாதிரி ஆகிவிடும் என்று பிறகு தெரிந்துகொள்கிறார்கள். "எனக்குத் தலை வலிக்கிறது" என்றால் "மிர் டூட் டேர் கோப்ஃப் வே", அதிலும் எனக்குதான். "எனக்கு அது பிடிச்சிருக்கு" என்பதிலும் மிர்தான் வரும். நாலாம் வேற்றுமை, கு உருபு, எட்டாம் வகுப்பில் தமிழய்யா பிரம்பு வைத்துச் சொல்லிக்கொடுத்ததுதான். ஜெர்மனில் வேற்றுமை நாலே நாலு, நம்மிடம் எட்டு இருக்கிறது, பிறகு பயம் எதற்கு என்று ஜெர்மன் டீச்சர் கேட்டபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதே பலகையில் பக்கத்துப் பத்தியில் உஸ்தாத், அதாவது அரபி ஆசிரியர், வந்து, அரபியிலும் "எனக்குத் தலைவலி இருக்கு" என்பதை "இன்தீ ஸுதாஉ" என்று, அதாவது என்னிடம் தலைவலி என்றுதான் சொல்வார்கள் என்று எழுதினார். மூன்று மொழியை ஒன்றாகப் படித்தால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் இந்தப் பலகையை போட்டோ எடுத்துக் காட்டுவேன்.

ஜப்பானிய மொழி இன்னும் சுலபம், இலக்கணத்தைப் பொறுத்தவரை மட்டும். வினை கடைசியில்தான் வரும். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். கேள்வி என்றால் கடைசியில் ஒரு "கா", நாம் "ஆ" போடுகிற மாதிரி. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க "தோகோ கா இதாய் தெஸ் கா". சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசையிலேயே போகிறது. எனக்கு மயிர் கூச்செறிந்தது எங்கே என்றால் இது, அது பாடத்தில். கையில் இருப்பது கொரே, எதிராளி பக்கத்தில் இருப்பது சொரே, இரண்டு பேருக்கும் எட்டாத இடத்தில் இருப்பது அரே, எது என்று கேட்க தோரே. சென்செய், அதாவது ஜப்பானிய மொழி ஆசிரியர், இதை எழுதிவிட்டுப் பக்கத்தில் இது, உது, அது, எது என்று தமிழை எழுதினார். நமக்கு உது போய்விட்டது, யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இதையெல்லாம் வைத்துத்தான் தமிழும் ஜப்பானியமும் உறவு என்று எழுதினார், மொழியியல்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. உறவோ இல்லையோ, கொரே சொரே எனக்கு ஒரே நாளில் வந்தது. எழுத்துதான் கஷ்டம். ஹிரகானா 46, கதகானா 46, அதற்குப் பிறகு காஞ்சி என்கிற சீன வழி எழுத்துகள் ஒரு கடல். எங்கள் வகுப்பு ஹிரகானாவோடு கரையில் நின்றுவிட்டது.

அரபியில் நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் போய் உட்கார்ந்தேன். தம்மாமில் "வேன் யஅவ்ரக்", அதாவது எங்கே வலிக்கிறது, என்று கேட்டுத்தான் வார்டு முழுக்க ஓட்டினேன், உஸ்தாத்திடம் அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "அது வளைகுடாப் பேச்சு மக்களே, அங்கதான் செல்லும், இங்க புத்தக அரபி, அய்னல் அலம்னு சொல்லணும்" என்றார். எனக்கு முதலில் கோபம். பிறகு அவர் மூன்றெழுத்து வேரைச் சொல்லிக்கொடுத்ததும் கோபம் போய்விட்டது. க-த-ப என்ற மூன்றெழுத்தில் எழுதுவது மொத்தமும் அடங்கியிருக்கிறது. கிதாப் புத்தகம், காதிப் எழுதுகிறவர், மக்தப் எழுதுகிற இடம், மக்தபா நூலகம். தம்மாமில் இதெல்லாம் போர்டில் பார்த்த சொற்கள்தான், ஒன்றுக்கொன்று சொந்தம் என்று தெரியாமலே இரண்டு வருஷம் அந்த போர்டுகளுக்குக் கீழே நடந்திருக்கிறேன். ஷ-ர-ப என்றால் குடிப்பது, அதிலிருந்துதான் சர்பத் என்று உஸ்தாத் சொன்னபோது, சரியாகக் கீழேயிருந்து கடைக்காரர் எலுமிச்சை பிழிகிற மர அச்சின் கிறீச் சத்தம் கேட்டது. அன்று இடைவேளையில் பதினொரு பேரும் இறங்கிப்போய் நன்னாரி சர்பத் குடித்துவிட்டுத்தான் மேலே வந்தோம். வசூல், பாக்கி, அசல், நகல், வக்கீல், ஆஜர் எல்லாம் அரபியிலிருந்து வந்து நம் தாலுகா ஆபீஸில் குடியேறியவை. ஆபீஸ் ரூமில் இருக்கிற அம்மா பாக்கியையும் வசூலையும் எங்களுக்கு மாசாமாசம் செய்முறையாகவே நடத்தினார்.

ஆண்பால் பெண்பால் விஷயத்திலும் ஒப்பிட்டுப் படித்தது உதவியது. ஜெர்மனில் ஸ்பூன் ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. இதற்குக் காரணம் கேட்கக் கூடாது. ஆனால் சூரியன் பெண், சந்திரன் ஆண் என்பதில் ஜெர்மனும் அரபியும் ஒத்துப்போகின்றன. டீ ஸோன்ன, டேர் மோன்ட், அந்தப் பக்கம் ஷம்ஸ் பெண், கமர் ஆண். சித்ரா பௌர்ணமி அன்று கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை மனசில் நிறுத்த வேறு படம் தேவையில்லை. சிறுமி என்கிற மேட்ஷென் மட்டும் ஏன் அஃறிணை மாதிரி "டாஸ்" என்று ஒரு பையன் கேட்டான். ஷென் என்று முடிகிற சின்னப் பொருள் எல்லாவற்றுக்கும் டாஸ்தான் என்றார் டீச்சர். பின்பெஞ்சிலிருந்து ஒரு அக்கா, "நம்ம ஊர்லயும் பிள்ளை வந்துதா, சாப்பிட்டுதான்னுதானே கேக்குறோம்" என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இவ்வளவும் இலக்கணம். இனி சொல்லுக்கு வருவோம், அங்கேதான் குடி கெட்டது.

இலக்கணத்தை மூன்று பத்தியில் வைத்து நடத்திய அதே சூட்டில் சொற்களையும் நடத்தினார்கள். ஒரு நாள் எண்கள், மூன்று மொழியிலும். ஒரு நாள் கிழமைகள், மூன்று மொழியிலும். ஒரு நாள் உறவுமுறை. கேட்கிறபோது ருசியாக இருக்கும், வீட்டுக்கு வரும்போது ஒன்றும் இருக்காது. அல்லது எல்லாம் கலந்து சாம்பார் சாதமாக இருக்கும். ஏழு என்றால் ஜெர்மனில் ஸீபன், அரபியில் ஸப்ஆ, ஜப்பானில் நானா. முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஸீப்ஆ என்று ஒரு புதுச்சொல் எனக்கு மட்டுமாக உருவாகிவிட்டது. மூன்றாவது என்ன ஆயிற்று தெரியுமா? சென்செய் என் பக்கம் கையை நீட்டி, "ஏழுக்கு என்ன, சொல்லுங்க" என்றார். நான் வேறு யோசனையில் இருந்தேன், திடுக்கிட்டு "நானா?" என்றேன். "வெரிகுட்" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். அஞ்சு மாசத்தில் யோசிக்காமல் சரியாகச் சொன்ன ஒரே விடை அதுதான்.

இன்னொன்று சிரிக்க முடியாதது. "நீ" என்பதற்கு அரபியில், ஆணிடம் பேசும்போது, அன்த. ஜப்பானில் அனத. நான் ஜப்பானிய உரையாடலில் சென்செய்யைப் பார்த்து அன்த என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜப்பானிலும் அன்த என்று ஒரு சொல் இருக்கிறதாம், அது அனதாவின் தேய்ந்த வடிவம், பெரியவர்களிடம் சொன்னால் நாம் "ஏய்" என்று கூப்பிடுகிற மாதிரியாம். தூத்தூர்க்காரத் தம்பி ஒருவன் எங்களோடு படித்தான், வீட்டில் எல்லோரும் ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகிறவர்கள். அவனிடம் ஜெர்மன் டீச்சர் ஏதோ கேட்க, முந்தின பீரியட் ஜப்பான் வாசனையில் "ஹாய்" என்று தலையாட்டினான். ஜப்பானில் அது ஆமாம். ஜெர்மனில் சுறா. "எக்கா, எங்க போனாலும் சுறா என்னைய விடாது போல" என்றான்.

கிழமைப் பாடம் மட்டும் பாதி தேறியது, அதுவும் பொருள் இருந்ததால்தான். ஜப்பானியக் கிழமைகள் நம்முடையவை மாதிரியே கிரகங்களின் பெயரில் ஓடுகின்றன. நிசி என்பது ஞாயிறு, கெட்ஸு திங்கள். வெள்ளிக்கு வரும்போது கின், அந்த எழுத்துக்குத் தங்கம் என்று அர்த்தம். நமக்கு வெள்ளி, அவர்களுக்குத் தங்கம், அங்கே போனாலும் நகைக்கடைதான் என்று ஒரு அக்கா பெருமூச்சு விட்டார். அரபியில் கிழமைகள் ஞாயிறை ஒன்றாக வைத்து வியாழன் வரை எண்ணிக்கொண்டே போகும், வெள்ளி ஜும்ஆ, சனி ஸப்த். ஜெர்மனில் புதனுக்கு மித்வோஹ், அதாவது நடுவாரம். கதையெல்லாம் நினைவிருக்கிறது, ஆனால் செவ்வாய்க்கு அரபியில் என்ன என்று திடீரென்று கேட்டால் முதலில் ஜெர்மன்தான் வாயில் வரும்.

எண்ணில் தடுமாறுவது நர்ஸுக்கு விளையாட்டு இல்லை. ஜெர்மனில் நாற்பத்தைந்தை அஞ்சும் நாற்பதும் என்பார்கள், ஃபுன்ஃப் உன்ட் ஃபியர்ட்சிஷ். அரபியிலும் அதே வரிசை. ஜப்பானில் மட்டும் நாலு-பத்து-அஞ்சு, தமிழ் மாதிரி. இந்த வரிசை வித்தியாசத்தை மூன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டியது பிரமாதம், அது இலக்கணம். ஆனால் டீச்சர் எண் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும் என்று வைத்த பயிற்சியில் 45 என்றதை நான் 54 என்று எழுதினேன். ஊசி மருந்து அளவாக இருந்தால் என்ன ஆவது என்று அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

இரண்டாம் மாசக் கடைசியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆபீஸில் சொன்னோம். இலக்கணத்தை மூன்றாக வைத்து நடத்துங்கள், சொல்லை மட்டும் பிரித்துவிடுங்கள், ஒரே தலைப்பை ஒரே நாளில் மூன்று மொழியில் எடுக்காதீர்கள் என்று. ஜெர்மன் டீச்சர் உடனே ஒத்துக்கொண்டார். ஜெர்மனில் ஆஸ்பத்திரிச் சொற்கள், அரபியில் கடைத்தெரு, ஜப்பானில் வீடு என்று தலைப்பையே மாற்றி வைத்தார்கள். அடுத்த மாசத்திலிருந்து கலப்பு பாதியாகக் குறைந்தது. அதே தலைப்பு இன்னொரு மொழியில் வருவதற்குள் மூன்று வாரம் ஓடியிருக்கும், முதலாவது அதற்குள் வேர் பிடித்திருக்கும். முதல் நாளே இப்படிச் செய்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன்.

மிச்சத்தை வீட்டில் ஒரு செருப்புப் பெட்டி காப்பாற்றியது. லைட்னர் என்ற எழுத்தாளர் 1972-ல் தன் புத்தகத்தில் சொன்ன முறையாம், டீச்சர் சொன்னார். பெட்டியில் அட்டையால் அஞ்சு அறை தடுக்க வேண்டும். சீட்டில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் அந்தச் சொல். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் எங்கே இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பி வரும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், கடைசி அறையை மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். நான் மகனுடைய பள்ளிக்கூட ஷூ பெட்டியை எடுத்தேன், ஜெர்மனுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை, அரபிக்கு வெள்ளை, ஜப்பானுக்கு பேங்க் காலண்டரின் பின்பக்கம். நைட் டூட்டியில் இரண்டு மணிக்கு வார்டு அடங்கினதும் பத்துச் சீட்டு. ஒரு நாளைக்கு ஒரே மொழி, அதை மட்டும் மீறமாட்டேன். ஜெர்மன் பெயர்ச்சொல்லை டேர், டீ, டாஸ் இல்லாமல் சீட்டில் ஏற்றக் கூடாது என்பதையும் பட்டுத்தான் கற்றேன், முதலில் எழுதிய நூற்றைம்பது சீட்டையும் திரும்ப எழுதினேன்.

இனி மனஸ்தாபம். நாலாம் மாசம் நடுவில் சென்செய் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வாரம் "நாளை வருவார், அடுத்த வாரம் வருவார்" என்று எங்களை உட்காரவைத்துவிட்டு, பிறகு யாரோ எடுத்த வீடியோவை டிவியில் ஓடவிட்டார்கள். அதைப் பார்க்க நான் ஏன் தக்கலையிலிருந்து பஸ் ஏறி வரவேண்டும்? பாடப் புத்தகம் ஸ்பைரல் போட்ட நகல்தான், அரபிப் பக்கங்களில் புள்ளிகள் பாதி மங்கிவிட்டன. அரபியில் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும், ப, த, ஸ மூன்றுக்கும் உடம்பு ஒன்று, புள்ளிதான் வேறு. உஸ்தாத் ஒவ்வொருவர் புத்தகத்திலும் தன் பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்தார், அந்த மனுஷனுக்குத் தனியாக அஞ்சு ஸ்டார். கழிவறை பற்றி ஒரு வரி: கக்கூஸ் என்ற சொல் டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது என்று ஜெர்மன் டீச்சர் சொல்லிக்கொடுத்தார், அந்தக் கட்டடத்தில் இருப்பதும் அவர்கள் காலத்தில் கட்டினது போலத்தான் இருக்கிறது.

யார் சேரலாம்? எந்த மொழி வேண்டும் என்று இன்னும் முடிவு பண்ணாத பிள்ளைகள் தாராளமாகச் சேரலாம். மேற்குப் பக்கத்து ஆட்கள், களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம், அவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வருவதைப் பார்த்தேன். வெள்ளம் என்றால் இந்தப் பக்கம் ஊரை அடித்துக்கொண்டு போவது, அந்தப் பக்கம் குடிப்பது என்று சின்ன வயசிலிருந்தே இரண்டு கணக்கு வைத்துப் பழகினவர்கள், மூன்றாவது கணக்கு தொடங்க அலட்டிக்கொள்வதில்லை. ஜெர்மனிதான் என்று முடிவு செய்து தேதியும் குறித்துவிட்டவர்கள் இங்கே வர வேண்டாம், நேராக ஒரே மொழியில் உட்காருங்கள். நானும் அடுத்த மாசத்திலிருந்து அதே டீச்சரிடம் தனி ஜெர்மன்தான், ஏ1 தேர்வுக்கு. முன் வரிசைத் தலைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலகை தெரியாது, முதல் இரண்டு பெஞ்சைப் பிடியுங்கள், ஃபேன் காற்றும் அங்கேதான்.

மதிப்பெண் கேட்டால் ஜெர்மனுக்கு நாலு, அரபிக்கு நாலரை, ஜப்பானுக்கு இரண்டு, அதுவும் முதல் மூன்று மாசத்துக்காக. நிர்வாகத்துக்கு நான் போடுவதாக இல்லை. சென்செய் போனதற்கு ஆளுக்கு 2,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். 1,000 வந்துவிட்டது. மீதிக்கு சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸ் அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று உஸ்தாத்திடம் கேட்டேன், "உங்களுக்குத் தெரிஞ்ச அரபிதான் மக்களே, பாக்கின்னு சொல்லுங்க, புரியும்" என்றார்.